ஓரந்தர் நிறையும் ஒரு சட்டிக் கருவாடும்

ஒக்லண்ட் விமான நிலையத்தில் என் நெத்தலிக் கருவாட்டுப் பொதியைத் திறந்த வெள்ளைக்கார அலுவலர் ஓரடி பின்னால் போனார். பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் வந்து மூக்கை வைத்துவிட்டு மூன்றாவது ஆளைக் கூப்பிட்டார். மூன்று பேரும் பொதியைச் சுற்றி நின்று யோசித்தார்கள். மன்னாரில் முப்பத்திரண்டு வருடம் கருவாடு காயவைத்தும் வாங்கியும் விற்றவள் நான். என் சரக்கை முகர்ந்து குறை சொன்ன வியாபாரி இன்னும் பிறக்கவில்லை. கடைசியில் தேன் போத்தலையும் கறிவேப்பிலையையும் எடுத்துக்கொண்டு கருவாட்டை விட்டுவிட்டார்கள். தேனுக்குப் பயப்படுகிற நாட்டை அன்றைக்குத்தான் கண்டேன்.

மகன் அன்ரன் மவுண்ட் வெல்லிங்டனில் மோட்கேஜ் போட்டு ஒரு வீடு வாங்கியிருந்தான். அம்மா வந்து முதல் கால் வைக்காமல் குடிபோக மாட்டேன் என்று பிடிவாதமாக நின்று என்னை அழைப்பித்தான். தொண்ணூறாம் ஆண்டு தை மாதம் அது. ஊரிலிருந்து எத்தனை இராணுவச் சென்றி தாண்டி வந்தேன் என்ற கதை இங்கே வேண்டாம். வலது காலை வைத்தேன், வீடு நல்ல வீடு.

இரண்டாம் நாள் முழுவதும் வாசலில் கதிரை போட்டுத் தெருவைப் பார்த்தேன். ஒரு மனிதர் நடக்கவில்லை. நாயும் வேலிக்குள்ளேதான் குரைத்தது. இரவுச் சாப்பாட்டு நேரம் வந்த பிறகும் வெயில் போக மனமில்லாமல் கூரையில் குந்தியிருந்தது. எங்கள் ஊரில் சூரியன் வேலை முடிந்த கூலியாள் மாதிரி சட்டென்று போய்விடும்.

வீட்டுக்குள்ளே எனக்குப் பிடித்த பொருள் குளியலறையில் கிடந்த தராசுதான். அதில் ஏறி நின்றால் முள் ஓடி ஆளின் நிறையைச் சொல்லும். எனக்குச் சிரிப்பு வந்தது. சாக்கின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தே நான் நிறை சொல்லுவேன். தராசு பிறகு வந்து ஓம், சரிதான் என்று சொல்லும். மருமகள் றெஜினாவை ஏறச் சொன்னேன். அவள் ஏறுமுன்னே முழங்கையைப் பிடித்துப் பார்த்து நிறையைச் சொன்னேன். முள் அங்கேயே போய் நின்றது.

"மாமி, இதை வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. அந்த மாதம் பொதுநலவாய நாடுகளின் விளையாட்டுப் போட்டி அந்த ஊரில் நடந்துகொண்டிருந்தது. அன்ரன் என்னை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவ்வளவு சனத்தை மடு மாதா கோயில் திருவிழாவில் கண்டிருக்கிறேன். ஆனால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்ததை அங்கேதான் கண்டேன். எட்டுப் பெண்கள் ஒரு சுற்று ஓடினார்கள். அதில் ஒருத்தி எங்கள் நிறம். பச்சைச் சட்டை, மெலிந்த கால். அவள் ஓடியதை ஓட்டம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கடற்கரையில் காகம் மீனைத் தூக்கிக்கொண்டு தாழப் பறக்கும்போது அதன் நிழல் மணலில் போகுமே, அப்படிப் போனாள். ஆறாவதாகத்தான் வந்தாள். வந்தபின் விழவில்லை, அழவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கிணற்றடிக்குப் போய் வந்தவள் மாதிரி நின்றாள். சாம்பியா என்ற நாட்டுப் பிள்ளை என்று அன்ரன் சொன்னான். எனக்கு இரவெல்லாம் அந்தக் கால்தான் கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் மாதா கோயில் ஞாயிற்றுப் பூசையில் அதே பிள்ளை எங்களுக்கு முன்வரிசையில் முழங்காலில் இருந்தாள். பக்கத்தில் சின்ன உடம்புக்காரனான ஒரு இளைஞன். பூசை முடிவில் சுவாமியார் இங்கிலிசில் ஏதோ கேட்டார். 'லஞ்ச்' என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. அன்ரன் கையைத் தூக்குமுன் நான் தூக்கிவிட்டேன். தூர நாட்டிலிருந்து வந்த விளையாட்டு வீரர்களுக்கு யாராவது ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பீர்களா என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. அந்த இருவரும் எங்கள் பங்குக்கு வந்தார்கள்.

பெண்ணின் பெயர் கிரேஸ். பையனும் அதே நாடு, ஜோசப், எனக்கு யோசேப்பு. குத்துச்சண்டைக்காரன் என்றார்கள். நான் நம்பவில்லை. சண்டைக்காரன் என்றால் உரல் மாதிரி இருப்பான் என்று நினைத்திருந்தேன். இவன் வாசலில் ஒருவரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிச் சோடி சேர்த்து வைத்தான். கை கொடுத்தபோது வழக்கம்போல முழங்கையைப் பிடித்துப் பார்த்தேன்.

"ஓரந்தர்" என்றேன்.

அந்தர் என்றால் நூற்றுப்பன்னிரண்டு இறாத்தல், ஐம்பத்தொரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு என்று அன்ரன் கணக்குப் பண்ணி இங்கிலிசில் சொன்னான். யோசேப்பு என் கையையே பார்த்தான். இன்று காலை கோச் நிறுத்தபோதும் அதே நிறைதான் என்றான். கிரேஸ் கைதட்டிச் சிரித்தாள். அவள் சொன்னதை றெஜினா எனக்குச் சொன்னாள்: "கோச்சை வீட்டை அனுப்பிப்போட்டு உங்களைக் கூட்டிக்கொண்டு போகலாமாம், மாமி."

ஒரு சண்டைக்காரனை எதற்காக விடியக் காலையில் நிறுக்கிறார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் கெட்டித்தனம் ஒப்புக்கொள்ளப்பட்டதே எனக்குப் போதுமாயிருந்தது.

சோறு, பருப்பு, கத்தரிக்காய், சொதி. நடுவில் புளி விட்டு வற்றவைத்த நெத்தலிக் கருவாட்டுச் சட்டி. மூடியைத் திறந்ததும் யோசேப்பு கண்ணை மூடிக்கொண்டான். வாசனை பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். அவன் மெதுவாக ஏதோ சொன்னான். றெஜினா சொன்னாள்: "அவையின்ரை நாட்டிலை கடல் இல்லையாம், மாமி. ஏரியிலை பிடிக்கிற பொடிமீனை மணலிலை காயவைச்சு இப்பிடித்தான் காய்ச்சுவினமாம். தாய் காய்ச்சினது மாதிரியே மணக்குதாம்."

கடலே இல்லாத நாட்டில் கருவாடு. ஆண்டவர் ஒரு இடத்திலும் கை சுருக்கவில்லை. அவன் சோற்றை வலது கையால் திரட்டி உருண்டையாக்கி, பெருவிரலால் குழி செய்து, அதில் கருவாட்டை அள்ளிச் சாப்பிட்ட அழகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பாதி வயிற்றில் சோற்றுக் கோப்பைமேல் கையை விரித்து மூடினான், போதும் என்று. எங்கள் பக்கத்தில் விருந்தாளியின் முதல் போதும் கணக்கில் வராது. இரண்டாவது போதும் மரியாதைக்கு. மூன்றாவது போதுமுக்குப் பிறகும் ஒரு அகப்பை போட்டால்தான் வீட்டுக்காரிக்கு மரியாதை. அவன் விரலிடுக்காலேயே குழம்பை விட்டேன். கிரேஸ் தங்கள் பாஷையில் அவனை அதட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ பதில் சொன்னான். அவள் வெட்கப்படுகிறவனைப் பகிடி பண்ணுகிறாள் என்று எனக்குப் பட்டது. இன்னும் இரண்டு அகப்பை போட்டேன். உப்புக் கருவாடு அல்லவா, நாலு கிளாஸ் தண்ணீரும் குடித்தான்.

புறப்படும்போது கை கொடுத்தான். முழங்கையைப் பிடித்தேன்.

"இப்ப ஓரந்தரும் மூண்டரை இறாத்தலும்" என்றேன் பகிடியாக.

அன்ரன் அதை இங்கிலிசில் சொல்லி முடிக்கவில்லை, யோசேப்பின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. குளியலறைத் தராசு எங்கே என்று கேட்டான். ஏறி நின்றான். முள் ஐம்பத்திரண்டரையில் நின்றது.

பிறகு கிரேஸ்தான் விளக்கினாள். நாளை காலை எட்டு மணிக்கு அவனை நிறுப்பார்கள். அவன் சண்டை பிடிக்கும் பிரிவுக்கு ஐம்பத்தொரு கிலோதான் எல்லை. அதற்குமேல் முள் அசைந்தால் மேடையில் ஏறவே விடமாட்டார்கள். ஒரு அடி வாங்காமல், ஒரு அடி கொடுக்காமல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நாலு வருடம் அவன் விடியக் காலையில் எழும்பி ஓடியது இந்த ஒரு நாளுக்காக.

கதிரையில் இருந்தேன்.

"உதெல்லாம் தெரிஞ்சுகொண்டு ஏன் ராசா சாப்பிட்டனீ?" என்று கேட்டேன். றெஜினா கேட்டுச் சொன்னாள்: "தாயின்ரை வயசிலை ஒராள் தன்ரை கையாலை போட்டதை வைச்சிட்டு எழும்பிறது தங்கடை வழக்கமில்லையாம், மாமி. அப்பிடி எழும்பினால் ஊரிலை இருக்கிற தாய்க்குக் கேக்குமாம்."

என் மரியாதையும் அவன் மரியாதையும் சேர்ந்து அவனைக் கவிழ்த்துவிட்டன.

ஆனால் முப்பத்திரண்டு வருடம் நான் செய்த தொழில் என்ன? உயிரில்லாத உடம்பிலிருந்து தண்ணீரைப் போக்கி நிறையைக் குறைக்கிற தொழில். உயிருள்ள உடம்பில் மட்டும் முடியாதா என்று எழும்பினேன். யோசேப்புக்கும் வழி தெரிந்திருந்தது. அன்ரனின் குளிர்காலக் கம்பளிச் சட்டையைக் கேட்டான். குப்பை போடும் பிளாஸ்டிக் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு உள்ளே மாட்டினான். வீட்டுக்குப் பின்னால் ஒரு குன்று இருக்கிறது. ஒரு காலத்தில் நெருப்புக் கக்கிய குன்றாம், இப்போது புல் முளைத்துச் சாதுவாக இருக்கிறது. அந்த வெயிலில் அவன் அதன்மேல் ஓடினான். கிரேஸ், முதல்நாள் தன் ஓட்டத்தை ஓடி முடித்தவள், அவன் பக்கத்தில் ஓடினாள். பகிடி பண்ணிப் பண்ணி ஓடினாள். "ஏறடா கருவாட்டு மூட்டை" என்ற மாதிரி ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவன் சிரித்து மூச்சிழந்து நின்றான்.

அவன் இறங்கி வரும்போதெல்லாம் நான் துவாயோடு நின்றேன். வேர்வையை அப்படியே விட்டால் தோல் அடைத்துவிடும். மீனையும் துடைத்துத் திருப்பிப் போட்டால்தான் உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே வரும். கழுத்து, முதுகு, முழங்காலின் பின்பக்கம் எல்லாம் துடைத்துவிட்டு, பிறகு மறுபடி போ என்பேன். போவான்.

பின்னேரம் காற்று எழும்பியது. வேர்வை நின்றுவிட்டது. அன்ரனுக்கு ஒரு யோசனை வந்தது. காரின் கண்ணாடிகளை மூடி, குளிருக்குப் போடுகிற சூடாக்கியைத் தை மாத வெயிலில் முழுவதும் திறந்துவிட்டான். யோசேப்பு முன்சீட்டில் அன்ரனுக்குப் பக்கத்தில் ஏறினான். நான் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

"அம்மா, நீங்கள் இறங்குங்கோ. மயங்கி விழுந்தால் நான் ஆரைப் பார்க்கிறது?"

"நான் போட்ட கறி. நானும் வேர்க்கிறன்" என்றேன்.

மூன்று பேரும் அடுப்பில் வைத்த பானைக்குள் இருப்பதுபோல் இருந்தோம். நான் செபமாலை சொன்னேன். உருட்டிய ஒவ்வொரு செபமணிக்கும் அவனும் தன் பாஷையில் பதில் சொன்னான். வாய் உலர்ந்தபோது ஒரு துண்டு பழப்புளி கொடுத்தேன். விழுங்காதே, ஊறுகிற எச்சிலைத் துப்பு என்று கையால் காட்டினேன். தகரப் பேணியில் துப்பினான். நானும் ஒரு தீர்மானம் செய்துகொண்டேன். நாளை அந்த முள் நிற்கும்வரை என் வாயிலும் தண்ணீர் படாது.

வெயில் சாயும்போது தராசில் ஏறினான். ஐம்பத்தொன்றரை. அதற்குமேல் அவனிடம் வேர்வை இல்லை. மிச்சம் நித்திரையில் குறையும் என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது என் கையைப் பிடிக்கவில்லை, தூரத்திலிருந்தே கும்பிட்டான். நான் நிறை சொல்லிவிடுவேன் என்ற பயம்.

திங்கட்கிழமை காலை அன்ரன் வேலைக்குப் போய்விட்டான். நானும் றெஜினாவும் பஸ் எடுத்தோம். அவசரத்தில் பிழையான பஸ். அது எங்களை எல்லர்ஸ்லியில் கண்ணாடி வைத்த கந்தோர்க் கட்டிடங்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்திவிட்டது. டைகட்டிய ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். றெஜினா அழுகிற முகத்தோடு சாரதியிடம் கதைத்தாள். அவர் பெரிய உடம்புக்காரர், கை முழுவதும் பச்சை குத்தியவர், மவோரி இனத்தவர் என்று றெஜினா சொன்னாள். கதையை முழுவதும் கேட்டார். பிறகு கம்பியில்லாக் கருவியை எடுத்து யாருக்கோ பேசி, எதிர்ப்பக்கம் போக இருந்த பஸ்ஸை எங்களுக்காக நிறுத்திவைத்தார்.

"என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"சாப்பாடு போட்டதுக்கு ஒரு அம்மாவும் வருத்தப்படக் கூடாதாம், மாமி. ஆனால் கெதியாய் ஓடட்டாம்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எட்டரை தாண்டியிருந்தது. நிறுக்கிற மண்டபத்துக்குள் எங்களை விடவில்லை. வாசல் படியில் இருந்தோம். பல நாட்டுப் பையன்கள் வந்துகொண்டிருந்தார்கள். வெளியே வந்ததும் போத்தலைத் திறந்து மடமடவென்று குடித்தார்கள். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பது மணிக்குக் கிட்ட, பச்சைச் சட்டையோடு தடித்த ஒருவர் வந்தார். என் சேலையைக் கண்டதும் நின்றார்.

"அந்தக் கருவாட்டு அம்மா நீங்கள்தானா?" என்று கேட்டாராம். அவர்தான் கோச். நான் எழும்பி நின்றேன். செய்த பிழைக்கு இருந்துகொண்டு பேச்சு வாங்குவது என் வழக்கமில்லை. ஆனால் அவர் ஏசவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தார்.

யோசேப்பு வந்தான். தலை மொட்டை. புருவத்துக்குமேல் ஒரு மயிர் இல்லை, வெயிலில் மினுங்கியது. முதல் தரம் ஏறியபோது கொஞ்சம் கூடவாம். ஒரு மணி நேரம் தவணை கொடுத்தார்களாம். கயிறு அடித்தான், துப்பினான், ஆடை எல்லாம் கழற்றினான். அப்போதும் முள் இறங்கவில்லை. கடைசியில் கோச்சே சவர அலகால் தலையைச் சிரைத்துவிட்டாராம். எங்கள் ஊரில் மொட்டை போடுவது ஒரு நேர்த்திக்கடன். அவனுக்கு அது என்ன என்று நான் கேட்கவில்லை.

"ஐம்பத்தொன்று" என்று விரல்களால் காட்டினான். கோச் தண்ணீர்ப் போத்தலை அவனிடம் நீட்டினார். அதற்குள் றெஜினா என் விரதக் கதையை அவிழ்த்துவிட்டாள். அவன் போத்தலை என் பக்கம் நீட்டினான். நீ குடி என்று தள்ளினேன். மறுபடி நீட்டினான். மறுபடி தள்ளினேன். மூன்றாம் தரம் என் கையைப் பிடித்து அதில் வைத்தான்.

"யாராவது ஒராள் குடியுங்கள். இவன் பின்னேரம் சண்டை பிடிக்க வேண்டும்" என்றார் கோச்.

இரண்டு மிடறு குடித்தேன். மிச்சம் முழுவதையும் அவன் குடித்தான்.

பின்னேரம் மேடை வெளிச்சத்தில் அவனைக் கண்டபோது, என் மேசையில் குனிந்திருந்து சாப்பிட்ட பிள்ளை இவன்தானா என்று இருந்தது. எதிராளி அவனைவிட ஒரு சாண் உயரம். முதல் சுற்று மூன்று நிமிடமும் யோசேப்பு அடிக்கவே இல்லை. தலையை மட்டும் அசைத்தான். அடிகள் காதோரத்தால் வெறுமனே போயின. இரண்டாவதில் உள்ளே போனான். எப்படிப் போனான் என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. கை போனதைக் காணவில்லை, எதிராளி தள்ளாடியதைத்தான் கண்டேன். அதிர்ந்து காலை வைக்கத் தெரியாதவன் மாதிரி என் வாசலில் நின்றவனுக்குள் இப்படி ஒரு புயல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஓரந்தர்தான். அந்த ஓரந்தரில் வீணான நிறை ஒரு குண்டுமணி இல்லை. எத்தனையோ ஆயிரம் சாக்கு நிறுத்திருக்கிறேன், அப்படி ஒரு சரக்கைக் கண்டதில்லை. மூன்றாவது முடிந்ததும் நடுவர் அவன் கையைத்தான் தூக்கினார். கிரேஸ் கதிரைமேல் ஏறி நின்றாள். நான் இருந்தபடியே இருந்தேன்.

புதன்கிழமை இரண்டாவது சண்டையில் தோற்றான். புள்ளிக் கணக்கில் கொஞ்சம்தான் வித்தியாசமாம். அதற்கு முன்தினம் நாங்கள் அவனைப் பார்க்கப் போகவில்லை, ஒரு பழம்கூட அனுப்பவில்லை. றெஜினா கேட்டதற்கு வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இருவரும் விடைபெற வந்தார்கள். வெள்ளி மாமிசம் இல்லை, மீன் ஆகும். மிச்சம் இருந்த நெத்தலி முழுவதையும் காய்ச்சினேன். யோசேப்பு சப்பாத்தைச் சோடியாக வைத்துவிட்டு வந்து இருந்தான். இடது கண் வீங்கியிருந்தது. தலையில் மயிர் கடுகுபோல முளைக்கத் தொடங்கியிருந்தது. ஒரு அகப்பை போட்டேன். சாப்பிட்டான். இரண்டாவது போடப் போனபோது கோப்பையைக் கையால் மூடினான்.

நான் நிறுத்தினேன். என் ஆயுளில் முதல் போதுமுக்கு அகப்பையை நிறுத்தியது அன்றைக்குத்தான். அகப்பை அந்தரத்தில் நின்றது. குழம்பு ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. அன்ரன் என்னைப் பார்த்தான்.

யோசேப்பின் தோள் குலுங்கியது. கிரேசுக்கும் சிரிப்பு. கையை மெல்ல எடுத்துக் கோப்பையை என் பக்கம் தள்ளினான்.

"இனி நாலு வருசத்துக்கு ஒருத்தரும் தன்னை நிறுக்க மாட்டினமாம், மாமி" என்றாள் றெஜினா.

போட்டேன். அவன் போதும் என்றான், போட்டேன். கிரேஸ் போதும் என்றாள், அவளுக்கும் போட்டேன். சட்டியை வழித்து வைத்தபிறகுதான் எழும்பினார்கள்.

வாசலில் யோசேப்பு இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தான். என் மற்றக் கை தானாகவே அவன் முழங்கைக்குப் போனது.

"எவ்வளவு, மாமி?" என்று றெஜினா கேட்டாள்.

எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை.